துரையின் வாய்க்கூடு

அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு வாய்க்கூடு தொங்குகிறது. கரும்பு வரிசைக்கு நடுவே ஏர் ஓட்டும்போது மாடு குருத்தைக் கடித்துவிடக் கூடாதென்று வாயில் மாட்டுவார்களே, அந்தக் கயிற்றுக் கூடுதான். ஆனால் இது மாட்டுக்குப் பின்னியதில்லை. மாமா தன் கையால், நாயின் மூஞ்சியை ஜாண் வைத்து அளந்து, நாய்க்காகப் பின்னியது. கொட்டகையில் இப்போது மாடு இல்லை. மாமாவும் இல்லை. நாய் மட்டும் அந்தத் தூணடியில் கிடக்கிறது. கிருமாம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து, பஸ் மாறி மாறி மடுகரைக்கு நான் வந்து சேரும்போது கால் இரண்டும் கெஞ்சும். உள்ளே போகத் தெம்பில்லாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிடுவேன். அப்போதெல்லாம் கண்ணில் படுவது அந்த வாய்க்கூடுதான்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஆறடி ஆள், கடா மீசை. கரும்புக் கொல்லையில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அவரோடு பேசாதவர்கள் அவரை முரடன் என்பார்கள். பேசினவர்கள் ஒரு டீக்காவது கூட உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். பாண்டி டவுனில் அவருக்குத் தெரிந்த ஒருவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகும்போது, மூன்று மாதக் குட்டியாக இருந்த ஒரு நாயை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். ராட்வீலர் சாதி. துரை வீட்டு நாய் என்று ஊர் சொல்லப்போக, துரை என்றே பெயர் நின்றுவிட்டது. ஒரே வருஷத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. தலை ஒன்றே ஒரு தவலை பெருசு.

அந்தத் தலையைப் பார்த்தே ஊர் மிரண்டது. கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் தெருவிலிருந்தே கத்துவார். கேஸ்காரர் சிலிண்டரைப் பிள்ளையார் கோயில் முனையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். டிவியில் ஒருநாள் ஆபத்தான நாய்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள், அதில் துரையின் சாதியும் வந்தது. அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து நியாயம் கேட்டார். மாமா அவருக்கு மோர் கொடுத்து, "அது டிவி பாக்கல அண்ணே, நீ ஒண்ணும் சொல்லிக் குடுத்துடாத" என்று அனுப்பி வைத்தார். உண்மையில் அக்கா மாவாட்ட கிரைண்டரைப் போட்டால் போதும், துரை வாலைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக் கடைசிக்கு ஓடிவிடும். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

இதில் மாட்டிக்கொண்டவள் அக்காதான். மாடுகளைப் பங்காளி வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். துரைக்குச் சோறு வைக்க மட்டும் ஊரில் ஒருத்தர் கிடையாது. கல்யாணமோ காரியமோ, அக்கா போனால் மாமா வீட்டில், மாமா போனால் அக்கா வீட்டில். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுவாரம், பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு அக்கா என்னிடம் சொன்னாள்: "எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி. ஒரு தடவ, அவரோட, ஏற்காடு போயி அந்த ஏரியில போட்ல ஒக்காரணும். அவ்ளோதான். அப்பறம் ஆயுசுக்கும் சாணி அள்றேன்." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன குரல். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாமாவிடம் நான் சண்டைக்கே போனேன். "நாயக் கட்டிக்கினீங்களா, எங்க அக்காவக் கட்டிக்கினீங்களா?" என்றேன். "ரெண்டும் என்னக் கட்டிப் போட்டுக்கீது பாப்பா" என்று மீசையைத் தடவினார். பிறகு யோசித்துச் சொன்னார்: "துரையும் வரட்டும். ஆனா ரூம்காரன்கிட்ட இன்ன சாதின்னு சொல்லிக் கேளு. ஒத்துக்கினா போலாம், இல்லன்னா வாணாம். மறச்சிக் கூட்டிக்கினு போறது தப்பு." சரி என்றேன். இரண்டு நாள் லாட்ஜ் லாட்ஜாகப் போன் போட்டேன். ராட்வீலர் என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே லைனைத் துண்டித்தார்கள். கடைசியாக ஒருவரிடம், "வீட்டு நாய்ங்க, சாது" என்று மட்டும் சொன்னேன். வாங்க என்றார். மாமாவிடம் போய், எல்லாம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள் என்றேன். போனால் பார்த்துக்கொள்ளலாம், நேரில் பார்த்தால் யார் விரட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மாமாவுக்கு அன்றையிலிருந்து தலைகால் புரியவில்லை. டவுனில் நான் வாங்கி வந்த தோல் வாய்மூடியை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றி எறிந்தார். "நாய்க்கு நாக்குதான் பாப்பா விசிறி. வாயத் தொறக்க வுடாம வேன்ல ஏத்துனா செத்துடும்" என்றார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கயிறோடு உட்கார்ந்தவர், வாய் தாராளமாகத் திறக்கிற மாதிரி இந்தக் கூட்டைப் பின்னி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கிளம்புகிற அன்று துரையைக் குளிப்பாட்டி, வருவது தெரிந்தால் ஜனங்கள் திடுக்கிட மாட்டார்கள் என்று காளைக்குக் கட்டுகிற சலங்கையைக் கழுத்தில் கட்டினார். அக்கா தன் பங்குக்கு நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். மாட்டுப் பொங்கலுக்குப் போகிற மாதிரி துரை வேனில் ஏறியது. வேன், மளிகைக்கடை பாயுடையது. "எச்சில் பட்டா நான் ஏழு தபா கழுவணும் அண்ணே, பின்னாடியே வெச்சிக்கங்க" என்று சொன்னவர், வழியெல்லாம் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து, "தண்ணி குடுங்க, மூச்சு வாங்குது பாருங்க" என்று நிறுத்திக்கொண்டே வந்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தெரிந்த ஒவ்வொரு குன்றையும் இதுதானா இதுதானா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

லாட்ஜ் வாசலில் சலங்கைச் சத்தத்தோடு துரை இறங்கியதும் மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். குங்குமத்தையும் கயிற்றுக் கூட்டையும் பார்த்து, "என்னங்க இது, சாமிக்கு நேர்ந்துவிட்ட நாயா?" என்றார். எங்கள் ஊரில் மரியாதைக்குச் செய்தது அங்கே மனிதர்களைப் பீதியடைய வைத்துவிட்டது. குழந்தையோடு நின்றிருந்த ஒரு அம்மா ஓவென்று கத்தினாள். துரை மாமாவின் காலுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டது. "போன்ல கேட்டேனே மேடம், இந்த சாதின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார், ஒரே ஒரு தடவை. அப்படியே பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "தப்பு எங்களுதுதான் தம்பி. பொம்பளைங்களுக்கு ரூம் குடு. நானும் இதுவும் கீழ எறங்கிடறோம்" என்றார்.

அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். "இன்னா நீ, இம்மாந் தூரம் வந்துட்டு! போயி பாரு. பாத்துட்டு வந்து எனுக்குச் சொல்லு, போதும்" என்றார் மாமா. வேன் திரும்பி மலையிறங்கியது. சலங்கைச் சத்தம் இரண்டு வளைவு வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஏரி அரை கிலோமீட்டர்கூட இருக்காது. "வாக்கா, ஒரு நட போயிட்டு வந்துடலாம்" என்று கெஞ்சினேன். "கால் நோவுதுடி" என்றாள். கொண்டுவந்த புதுப்புடவையை மடிப்புக் கலையாமல் திரும்பப் பையில் வைத்தாள். பத்து மணிக்குக் கீழே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் துரையின் தலை, வாய்க்கூடு கழற்றிப் பக்கத்தில் கிடந்தது. பாய் எட்ட நின்று அதற்குப் பொறை ரொட்டியை ஒவ்வொன்றாக வீசிக்கொண்டிருந்தார். மாமா ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஏரி பாத்தியா? போட்ல ஒக்காந்தியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் பச்சையாக இருந்ததாம். அன்னப்பறவை மாதிரி செய்த போட்டாம். நடுவில் போனபோது காற்றில் புடவை பறந்ததாம், இவளுக்கு ஒரே சிரிப்பாம். எல்லாம் லாட்ஜ் சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருந்தவை. மாமா கண் சிமிட்டாமல் கேட்டார். ஊருக்கு வந்து, "எங்க வூட்ல போட்லல்லாம் போயிட்டு வந்துட்டாங்க" என்று டீக்கடையில் எத்தனை வருஷம் சொல்லித் தீர்த்திருப்பார்! பொய் சொன்னதற்கு என்னை அவர் கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாரடைப்பு, கொல்லையிலேயே. ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் துரைதான் பக்கத்தில் நின்றிருக்கிறது. அதற்கும் இப்போது வயதாகி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து அக்காதான் தூக்கி நிறுத்துகிறாள். அவளுக்கும் முதுகு போய்விட்டது. கேஸ்காரர் இன்று சிலிண்டரை அடுப்பங்கரை வரைக்கும் கொண்டுவந்து, துரையின் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்.

போன வாரம் என் போனில் ஒரு விளம்பரம் வந்தது. அதே ஏற்காடு, நாயோடு தங்கலாம், எந்தச் சாதியானாலும் சரி. மெத்தை மேல் ஒரு ராட்வீலர் படுத்திருக்கிற படம் வேறு. உடனே போன் செய்து, சாதியைச் சொல்லி, வயதைச் சொல்லி, நடக்க முடியாததையும் சொன்னேன். தாராளமாக வாங்க என்றார்கள். கொட்டகையில் துரைக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இந்தத் தடவ எதையும் மறைக்கலக்கா. பாய் வேன்லயே போலாம், தூக்கி ஏத்திக்கலாம். ஏரியப் பாத்துட்டு வந்துடலாம்."

அக்கா கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் பாத்துட்டேனே" என்றாள்.

"யாருகிட்டக்கா சொல்ற? நான் கூடவே இருந்தேன்."

"இருந்தா இன்னா? அவர்கிட்ட பாத்தேன்னு சொல்லிட்டேன். அதக் கேட்டுக்கினே சந்தோசமா போய்ச் சேந்துட்டாரு. இப்ப நான் போயி அந்தத் தண்ணி வேற கலர்ல இருந்துதுன்னா, அவுருகிட்ட யாருடி போயி மாத்திச் சொல்றது?"

அவள் மிச்சச் சோற்றை உருட்டித் துரையின் வாயருகே நீட்டினாள். அது மெதுவாக, அவள் விரலில் பல் படாமல், நாக்கால் எடுத்துக்கொண்டது. தூணில் வாய்க்கூடு தொங்கியது. அன்று ஒருநாள் மாட்டியதுதான், கயிறு இன்னும் புதுசாகவே இருக்கிறது.