ஆடித் தள்ளுபடி கேட்ட அக்கா

ஆடி பிறந்தாலே எனக்குக் கவலைதான். கல்யாண ஜாக்கெட்டுக்குக் கையால் ஆரி வேலை செய்து பிழைக்கிறவள் நான். முகூர்த்த மாதங்களில் நிமிர நேரம் இருக்காது. ஆடியில் ஈ ஓட்டுவேன். மேல்மலையனூர் சிறப்புப் பஸ்கள் எங்கள் செஞ்சியே நிறையும்படி வந்து போகும். அம்மனைப் பார்க்கப் போகிறவளுக்கு என் வாசலில் என்ன வேலை?

அந்த வருஷம் இன்னும் மோசம். வைகாசியில் சம்பாதித்ததைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விழுங்கிவிட்டது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் கேட்டார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டும், ஆனால் மாதச் சம்பளம், ஆடி முடிந்தாலும் நீடிக்கும் வேலை. மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். போனால், துணியை இழுத்துக் கட்டும் ஆரிச் சட்டத்தைப் பரணில் போட வேண்டியதுதான். பரணில் போட்ட எதை நான் திரும்ப இறக்கியிருக்கிறேன்?

மறுநாள் காலை ஓர் அக்கா பட்டுப்புடவையோடு வந்தார். மகளுக்கு இந்த மாதமே கல்யாணம் என்றார்.

"ஆடியிலயா?" என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"நாங்க வேதக்காரங்கம்மா. எங்களுக்குத் தவக்காலத்துலதான் கல்யாணம் கெடையாது."

இத்தனை வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில்தான் குடியிருக்கிறேன்.

மயில் வைத்த கை, முதுகில் கொடி என்று பேசி, விலையைச் சொன்னேன். "ஆடித் தள்ளுபடி இன்னா குடுப்ப?" என்றார். அடக்கமாகப் பேசியிருக்கலாம். என் வாய்தான் கேட்காதே.

"கடைக்காரன் விக்காத சரக்கைத் தள்ளுறான்கா. எங்கிட்ட என்ன சரக்கு இருக்குது? கைதான். ஆடியில அது வேகமாவா ஓடும்?"

அவர் சட்டென்று எழுந்தார். புடவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "வந்த மகராசியையும் தொரத்திட்டியா? அந்தக் கடைக்குப் போன் பண்ணிடு," என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் குறைத்திருந்தால்தான் என்ன? குறைத்தால் நூலும் மணியும் போக எனக்கு என்ன மிஞ்சும்? மாறி மாறி இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வெயில் தாழ்ந்ததும் எழுந்து சட்டத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது.

பாதி அவிழ்த்திருப்பேன், அந்த அக்கா ஒரு பெண்ணோடு வாசலில் நின்றார்.

"அளவு ஜாக்கெட் எடுத்தார மறந்துட்டேன். பஸ்ஸ உட்டுடப் போறேன்னு ஓடிட்டேன். ஊருக்குப் போயி பொண்ணையே கூட்டினு வந்துட்டேன், நீயே அளவெடுத்துக்க."

"கோவிச்சுக்கினு போயிட்டீங்கன்னு நெனச்சேன்கா."

"எதுக்குக் கோவம்? நானும் நடவுக்குப் போறவதான். ஆடின்னு கூலியக் கொறைச்சா சும்மா இருப்பனா? கேட்டுப் பாத்தேன், நீ குடுக்கல."

அப்பாடா என்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அளவெடுக்கும்போது அழுத முகத்தை மறைக்கக் குனிந்துகொண்டு, டேப் சரியில்லை என்று திட்டினேன். துணிக்கடைக்கு அவர்கள் எதிரிலேயே போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

முன்பணத்தைக் கையில் வைத்துவிட்டு அக்கா படி இறங்கினார். "போன ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் நிச்சயம்னு ஓலை வாசிச்சாங்க. அனுப்பி வெக்கிறேன்," என்றவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எனக்குக் குடுக்காத தள்ளுபடிய அவளுங்களுக்குக் குடுத்துடாத."