சாரத்தில் தொங்கிய சட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் திருவனந்தபுரத்தில் நான் கட்டிய மாடிகளைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதாது. அப்பேர்ப்பட்ட என்னையே நடுங்க வைத்தவள் மாடம்மாள். வள்ளியூர்ப் பக்கமிருந்து வந்து என்னிடம் சாந்துச்சட்டி சுமந்தவள்.

தொண்ணூற்றெட்டில் அவள் புருஷன் தாணு, வேறொரு கான்ட்ராக்டரின் கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். உடலை ரோட்டோரம் போட்டுவிட்டு, லாரி அடித்ததாகச் சொல்லிவிட்டார்கள். வேலையில்தான் செத்தான் என்று போலீஸில் பதிய வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். அந்தக் கட்டடத்துக்கே அவளுக்குத் துணையாக நான் போனேன்.

"அங்ஙன ஒரு பாண்டி இவிடெ வேலைக்கு வந்ததே இல்ல," என்றார் அந்த மலையாளிக் கான்ட்ராக்டர். பாண்டி என்றால் அவர்கள் பேச்சில் தமிழன்.

மாடம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணேறு படாமலிருக்க மூன்றாம் மாடிச் சாரத்தில் வைக்கோல் பொம்மை கட்டியிருந்தது. அதற்கு வேலையாட்களின் பழைய சட்டையை மாட்டுவது வழக்கம்.

"அண்ணாச்சி, அதப் பாருங்க. தோள்ல எஞ்சேலைத் துணிய வச்சு நாந்தான் தச்சேன்." கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள். "வேலைக்கு வராதவன் சட்டை அங்க எப்படி மொதலாளி ஏறிச்சு?"

"எடா, அதைக் கழற்றடா!" என்று அவர் கத்தினார்.

அங்கே வேலை பார்த்த நம் ஊர்ப் பையன்கள் யாரும் அசையவில்லை. காற்றில் அந்தச் சட்டைக் கைகள் உப்பி உயர்ந்தன.

"ஏறுங்களேன். அவரு புடிச்ச கம்புதான்," என்றாள்.

ஐம்பது வயதிலும் சாரத்தில் ஓடுகிறவன் நான். எனக்கே கால் எழவில்லை.

செத்தவன் சட்டை தொங்கும் சாரத்தில் ஏற யாரும் துணியாததால் அன்றோடு வேலை நின்றது. கடைசியில் கான்ட்ராக்டரே ஸ்டேஷனுக்குப் போய், தாணு தன் ஆள்தான் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு மாடம்மாளே மேலே ஏறினாள். உறங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல், பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.