குசுமி கடையின் சிவப்பு முத்திரை

ஓய்வு பெற்ற விற்பனைக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஜம்பத்துக்குக் கேட்க வேண்டுமா? நான் அந்த வீடியோ கேமை இத்தனை லட்சம் தள்ளினேன், நான் இந்தக் கேமை வடக்கே கொண்டுபோனேன் என்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் அளப்பார்கள். என் முறை வந்தால், ஜப்பானின் மேற்கே குராயோஷி என்ற சின்ன ஊரில் கேம் கடை வைத்திருந்த குசுமியைப் பற்றிச் சொல்லுவேன். அதிலும் முதல் பாதியை மட்டும்தான். மறு பாதியை இருபத்தைந்து வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இன்று சொல்லித் தொலைக்கிறேன்.

குசுமி கஸுமாசாவின் கடை ரயிலடியிலிருந்து போகும் சாலையில், பேரிக்காய் கூட்டுறவுக் கிடங்குக்கு எதிரே இருந்தது. அவர் அப்பா காலத்தில் பொம்மையும் பட்டமும் விற்ற இடம். இவர் நாற்பது வயதுவரை கேம் ஒன்றையும் தொட்டதில்லை. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், "இது நல்லா இருக்குமா?" என்று ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்க, "தெரியலையே" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. விற்கிற பொருளைத் தெரியாது என்று சொன்ன வெட்கம் தாங்காமல், அன்றைக்கே கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன டிவி ஒன்றை வைத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தவர்தான். காய்ந்த கணவாய் மீனை மென்றபடி, மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார்.

"அம்பத்திரண்டு வயசுல மனுஷன் ராட்சசனோட சண்டை போடுறாரு. குழாய் ஒழுகுது, அதோட சண்டை போடத்தான் ஆளில்ல," என்பாள் அவர் மனைவி ஃபுசாஎ.

"இரு இரு, இவன் செத்ததும் குழாய்தான்," என்பார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளையாடி முடித்த ஒவ்வொரு கேமுக்கும் மஞ்சள் அட்டையில் தூரிகைப் பேனாவால் நாலு வரி எழுதி அலமாரியில் செருகுவார். அந்த அட்டைகளைப் படிக்கவே ஆட்கள் வருவார்கள். ஒன்றில், "ஆரம்பம் அமர்க்களம். நடுவில் ஒரு குகை வரும், அங்கே நான் இரண்டு முறை தூங்கிவிட்டேன்." இன்னொன்றில், "விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இது இரண்டே நாள்." ஒரு குதிரைப் பந்தயக் கேமில், "மனைவி ஊருக்குப் போனபின் வாங்கவும்." எங்கள் கம்பெனிக் கேம் ஒன்றுக்கு, "பெட்டி அழகு" என்று மட்டும் எழுதியிருந்தார். பாவி மனுஷன்! அந்த வருஷம் அங்கே அது மூன்று பெட்டிதான் போயிற்று.

அட்டையின் மூலையில் சில சமயம் சிவப்பு முத்திரை இருக்கும். வங்கிக்கும் பத்திரத்துக்கும் வைக்கிற அவருடைய சொந்த முத்திரை. கடைசிக் காட்சிவரை தானே போய்ப் பார்த்து, மனசு நிறைந்தால்தான் அதைக் குத்துவார். வருஷத்துக்கு நாலைந்து அட்டைதான் அந்தப் பாக்கியம் பெறும்.

எந்த ஊரில் எது போகும் என்று கம்பெனியில் எங்களுக்கு வாராவாரம் பட்டியல் வரும். குசுமியோ தன் ஊரை வேறு மாதிரி அறிந்து வைத்திருந்தார். பனி விழுந்து தோப்பு வேலை நின்றால் விவசாயிகள் படை நடத்துகிற கேம் கேட்பார்கள். ஆஸ்பத்திரி நர்சுகளுக்குப் பத்து நிமிஷத்தில் முடிகிற புதிர். பள்ளிக்கூடப் பையன்களுக்கு அடிதடி. அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த துப்பாக்கிக் கேமை நான் கொண்டுபோனபோது ஐந்தே நிமிஷம் விளையாடிவிட்டு, "தலை சுத்துதுப்பா. நம்மாளுங்களுக்கு வீரனோட முகம் தெரியணும். நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போகணும், கடைசியில அழணும்," என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று.

என்னை அவருக்குப் பிடிக்கும். ஒரு பிப்ரவரியில் பனியில் லாரி சிக்கிக்கொண்டபோது, வெளியீட்டு நாள் தவறக்கூடாதென்று இருபது பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து போய்க் கொடுத்தேன். அதிலிருந்து, "ஏம்ப்பா ஹமானோ, வந்துட்டியா, காலை நெருப்புக்கிட்ட நீட்டு," என்று சொந்தத் தம்பியைப் போல நடத்தினார். அந்த உரிமையைத்தான் நான் விற்றுத் தின்றேன்.

ஹெய்செய் ஒன்பதாம் வருஷம், அதாவது 1997, நவம்பர் கடைசி. எங்கள் கம்பெனி இரண்டு வருஷமாக 'அலைகளின் திறவுகோல்' என்று ஒரு கேம் செய்துகொண்டிருந்தது. ஒரு மாலுமி, கடலில் காணாமல் போன தங்கையைத் தேடிப் போகிற கதை. இரண்டு வட்டு. முதல் வட்டு அற்புதம், அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவதைச் செய்து முடிக்க நேரமில்லை. ஆண்டு முடிவுக்குள் கடைக்கு வந்தாக வேண்டும் என்று மேலிடம் பிடிவாதமாக இருந்தது. அது நாலு மணி நேரம் ஓடும், பிறகு 'பயணம் தொடர்கிறது' என்று எழுத்து வரும், அவ்வளவுதான். தங்கை இருக்கிற தீவு வரைபடத்தில் தெரியும், கப்பலிலிருந்து கண்ணுக்கும் தெரியும். சுற்றிலும் பாறை. போக வழி கிடையாது, ஏனென்றால் அந்தத் தீவுக்குள் ஒன்றுமே செய்யப்படவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குசுமியிடம் முதல் வட்டை மட்டும் கொடுத்தேன். இரண்டாவது என் பைக்குள்ளேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனேன். மனுஷன் முகம் மலர்ந்து கிடந்தார். "என்னப்பா இது, பின்னி எடுத்திருக்கீங்க! ரெண்டாவது எங்க?"

"இன்னும் அச்சாகி வரல முதலாளி. நான் ஆபீசுல பார்த்துட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"தங்கச்சி கிடைக்கிறாளா? இல்ல, சொல்லாதே, சொல்லாதே. முடிவு எப்படி? அதை மட்டும் சொல்லு."

"அழுதுட்டேன் முதலாளி," என்றேன்.

நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. உள்ளேயிருந்து ஃபுசாஎ, "நீங்களே முடிக்காம முத்திரை குத்தமாட்டீங்களே?" என்று குரல் கொடுத்தாள்.

"இவன் பனியில நடந்து வந்தவன்டி. இவன் பார்த்தா நான் பார்த்த மாதிரி," என்று சொல்லிவிட்டு எழுதினார்: 'முடிவுவரை போங்கள். உங்களைக் கைவிடாது. குராயோஷி, குசுமி கடை.' முத்திரையைச் சிவப்பு மையில் அழுத்தி மூலையில் குத்தினார்.

பக்கத்து ஊரில் இரண்டு மூன்று கடைக்குக் காட்டுகிறேன் என்று அட்டையை இரவல் வாங்கிப் போனேன். மேலிடத்தில் பார்த்தார்கள். கையெழுத்தும் முத்திரையும் அப்படியே இருக்க, நாடு முழுக்க அறுநூறு கடைக்கு அச்சடித்து அனுப்பினார்கள். அசலைக் குசுமியிடம் திருப்பிக் கொடுத்தபோது இதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. விளம்பரத்தை யார் நம்புகிறார்கள், கடைக்காரர் கையால் எழுதியதைத்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று என் முதுகில் தட்டினார்கள். முதல் வாரமே விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம். எனக்குப் பதவி உயர்வு.

ஜனவரி ஐந்தாம் தேதி புத்தாண்டு மரியாதைக்காக, பலகாரப் பெட்டியோடு குராயோஷிக்குப் போனேன். "என் பங்குக்கு ஒரு பெட்டி எடுத்து வெச்சிருந்தேன்ப்பா, விடுமுறையில நிதானமா முடிக்கலாம்னு," என்று சொல்லிக்கொண்டே தேநீர் ஊற்றினார் குசுமி. "இருபத்தெட்டாம் தேதி இகுதாம்மா வந்தாங்க. எல்லாம் வித்துப்போச்சு. அவங்க வருஷத்துக்கு ஒண்ணுதான் வாங்குவாங்க, பாவம். என்னோடதையே குடுத்துட்டேன்."

இகுதா வெந்நீர் ஊற்று ஊரான மிசாசாவுக்கு பஸ் ஓட்டுகிற பெண். தனிக்கட்டை, நாற்பத்தாறு வயது. புத்தாண்டு அன்று ஊரே கோவிலுக்குப் போகும், இவள் ஓட்டுவாள். அதற்குப் பதிலாக இரண்டு, மூன்று, நாலு என்று மூன்று நாள் விடுப்பு. அந்த மூன்று நாளுக்காக, முத்திரையுள்ள ஒரு கேமை வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் சீருடையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, புத்தாண்டு வாழ்த்து. ஒண்ணு கேக்கலாமா? கேக்கவே வெக்கமா இருக்கு. அந்தத் தீவுக்கு எப்படிப் போறது?"

"எந்தத் தீவு?"

"தங்கச்சி இருக்கிற தீவு. மூணாந்தேதி மத்தியானமே கதை முடிஞ்ச மாதிரி எழுத்து வந்திருச்சு. அப்படி முடியாதே, உங்க முத்திரை இருக்கேன்னு மிச்ச ஒண்ணரை நாளும் பாறை பாறையாத் தேடினேன். எனக்குத்தான் கைப்பழக்கம் போதலபோல."

குசுமி என்னைத் திரும்பிப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அம்மா, தீவு இல்லை, பொய் சொன்னது நான்.' அறுநூறு கடை, பதவி உயர்வு, மேலிடம் எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்தன.

அவர் எழுந்து, கல்லாவைச் சுற்றி வெளியே வந்து, இடுப்புவரை குனிந்தார். "தப்பு என்னோடதும்மா. முடிச்சுப் பாக்காம முத்திரை குத்திட்டேன். அங்க வழி இருக்குமான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, என்னண்ணே இது, நீங்க போய்! நிமிருங்க," என்று அவளும் பதறிக் குனிந்தாள். பஸ் நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

அவள் போனபின் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். "இன்னும் கொஞ்சம் தேநீர் ஊத்தட்டுங்களா, ஹமானோ சார்?" என்றார். ஏழு வருஷத்தில் முதல் முறையாக சார். அடுத்த வாரமே வடக்கே செந்தாயிலிருந்தும் தெற்கே குமாமோத்தோவிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தனவாம், 'அன்புள்ள குசுமி கடைக்கு, தீவுக்கு வழி எது' என்று. அறுநூறு கடையில் தன் முத்திரை தொங்கியது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அலமாரியிலிருந்த மஞ்சள் அட்டை எல்லாவற்றையும், உண்மையானவற்றையும் சேர்த்து, எடுத்துவிட்டார் என்று ஃபுசாஎ போனில் சொன்னாள். "அந்த டிவியையும் மூடி வெச்சுட்டாரு. குழாயைக்கூட சரிபண்ணிட்டாரு. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு," என்றாள்.

அடுத்த டிசம்பரில் புதுக் கேமோடு போய் நின்றேன். இந்த முறை நிஜமாகவே நல்ல கேம், முதலிலிருந்து கடைசிவரை. குற்றமுள்ள நெஞ்சல்லவா, அதைக் கொடுத்துப் பழசைத் துடைத்துவிடலாம் என்று ஒரு அற்ப நினைப்பு. "வைங்க சார், பாக்குறேன்," என்றார் குசுமி.

அப்போது இகுதா வந்தாள்.

"இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் வேணாம்ண்ணே. பழசையே இன்னும் முடிக்கல," என்று சிரித்தபடி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கல்லா மேல் விரித்தாள். "வாராவாரம் லீவுல தேடுறேன். வடக்குப் பக்கம் முடிஞ்சது. இன்னும் மேக்குப் பக்கம்தான் பாக்கி."

கடல் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைந்திருந்தாள். ஒவ்வொரு பாறைக்கும் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் தேதி.

குசுமி நோட்டின் மேல் குனிந்தார். "அம்மா, அன்னைக்கே சொன்னேனே. இருக்காதுன்னு."

"நீங்க மரியாதைக்குச் சொன்னீங்க. தப்பு என்னோடதுன்னு சொல்றது உங்க குணம். கடையில மழை ஒழுகினாக்கூட மன்னிச்சுக்குங்கன்னுதானே சொல்லுவீங்க?" என்றாள் அவள். "முத்திரை பொய் சொல்லுமா?"

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். தீவு இல்லை, செய்யவே இல்லை, கம்பெனிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவரை ஏமாற்றி முத்திரை வாங்கியது நான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். தரையில் மண்டியிட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அப்போது சொல்லியிருந்தால் அவள் தேடல் ஒன்றரை நாளோடு போயிருக்கும்.

இகுதா நோட்டைப் பார்த்தாள். "அப்படியா," என்றாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "சரிண்ணே, மூணு மணி வண்டி எடுக்கணும்." நோட்டை எடுக்காமலே போய்விட்டாள்.

குசுமி அதை மூடி, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். "இது உங்களோடது சார். நீங்க எடுத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அவர் எட்டு வருஷம் கடை நடத்தினார். எங்கள் சரக்கையும் வாங்கினார். யாராவது, "இது நல்லா இருக்குமா?" என்று கேட்டால், "தெரியலைங்க," என்பார். நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

நோட்டு என் வீட்டில் இருக்கிறது. ஜனவரி பிறந்தால் எடுத்துப் பார்க்கிறேன். கடைசியாக அவள் எழுதியது டிசம்பர் ஆறாம் தேதி: 'வடக்கு, பாறை 41. மூன்றாம் முறை. வழி இல்லை. ஆனால் குசுமி அண்ணன் முடித்திருக்கிறார், அதனால் எங்கோ இருக்கிறது.'