கொரியாக்காரன் சவுதிக்குப் போன கதை

மடியில் வைத்த பழைய லேப்டாப்பின் சூடு... பக்கத்துக் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றம்... இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எனக்குக் கொரியா.

சிரிக்காதீங்க. பெங்களூரில் என் ரூம்மேட்டுக்குக் கொரியா என்றால் முகத்துக்குப் போடுகிற க்ரீம், ஆட்டம், பாட்டு. எனக்கு அது கேரள எல்லையில் செங்கல் என்கிற எங்கள் ஊரில், வீட்டுப் பின்பக்கம். சாயங்காலம் நாலரை மணி. பக்கத்தில் லீலா மாமி.

மாமி என் அம்மாவின் தம்பி மனைவி. அடுத்த வீடு. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, கைகால் கழுவி, அவித்த மரச்சீனிக் கிழங்கும் பால் விடாத கட்டன் சாயாவுமாக வந்து உட்கார்ந்துவிடுவாள். அப்போது நான் டிகிரி இரண்டாம் வருஷம். காலேஜில் ஷீபா ஒரு பென் டிரைவில் பதினாறு எபிசோட் போட்டுத் தந்திருந்தாள். கொரியன் பேச்சு, கீழே இங்கிலீஷ் எழுத்து.

மாமிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மலையாளம் வாசிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. அதனால் நான் வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர எபிசோட் முடிய இரண்டு மணி நேரம் ஆகும்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று நாயகனுக்குச் சசி, நாயகிக்கு மினி என்று மாமியே பெயர் வைத்துவிட்டாள். அவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போவதும், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. "நம்மள மாதிரி ஆளுவதான் ஆக்கும்" என்பாள்.

படத்தில் அவர்கள் பச்சைக் குப்பியில் குடிக்கிற சாராயத்தைச் சோடா என்று நான் சொல்லி வைத்திருந்தேன். "சோடா குடிச்சா இப்பிடி ஆடுவானா மக்கா?" என்று என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

ஆனால் ஒன்று... மாமியின் ஒரு கண் எப்போதும் லேப்டாப் பக்கத்தில் வைத்த அவள் போன் மேலேயே இருக்கும்.

மாமியின் வீட்டுக்காரர் ராஜன் மாமா சவுதியில். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவர். அந்த வருஷம் ஏழு மாதமாகப் போன் இல்லை. விசா வாங்கித் தந்த ஏஜென்டைத் தேடி உதியன்குளங்கரைக்கு அப்பா நாலு தடவை போய் வந்தார். ராஜன் கம்பெனி மாறிவிட்டான் என்று ஏஜென்ட் ஒரு நாள் சொன்னான், தெரியாது என்று இன்னொரு நாள் சொன்னான். போன் அடிக்கும்போதெல்லாம் நான் படத்தை நிறுத்துவேன். மாமி பாய்ந்து எடுப்பாள். ரீசார்ஜ் ஆஃபர்.

அப்படியே பதினாறாவது எபிசோட் வந்தது.

ஆஸ்பத்திரியில் சசியின் கட்டில் காலியாக இருக்கிறது. மினி வராந்தாவில் நின்று அழுகிறாள். கீழே எழுத்து ஓடுகிறது. அவன் விடியற்காலையில் இறந்துவிட்டான் என்று.

நான் ஸ்பேஸ் பாரை அழுத்தினேன்.

"எங்க மக்கா அவன்?"

மாமி கையில் சாயா கிளாஸ் அப்படியே நிற்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல? எனக்கு வந்த பொய் இதுதான்... "டிஸ்சார்ஜ் ஆயாச்சு மாமி. அவன் சவுதிக்குப் போயாச்சு."

"கொரியாக்காரனும் சவுதிக்குப் போவானா?"

"எல்லாரும் போவாங்க மாமி."

"பின்ன அவ என்னத்துக்குக் கரையுதா?"

"விட்டுட்டுப் போனா அழமாட்டாளா?"

மாமி கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தாள். "செரிதான்... நானும் ஏர்போர்ட்ல வச்சு கரஞ்சேன்" என்றாள். பிறகு மெதுவாக, "திரும்பி வருவானில்லியா?"

"வருவான் மாமி."

மறுநாள் காலையில் மாமாவின் சட்டைகள் எல்லாம் துவைத்துக் கொடியில் கிடந்தன. ரப்பர் ஷீட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆறு சட்டை. 

இப்போது எல்லாமே மாறிவிட்டது. ஷீபாவும் வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம். கொரியாக்காரர்கள் எல்லாரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள். மாமியே போனில் தேடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். என் ரூம்மேட் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறாள், தனியாக அழுகிறாள். நானும் அப்படித்தான். யாருக்காகவும் நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஸ்பேஸ் பாருக்காக எனக்கு எவ்வளவு ஏக்கம் தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை மாமி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு கோபம்.

"மக்கா, நம்ம சசிக்க கத தமிழ்ல வந்திருக்கு கேட்டியா? கடைசில அவனக் கொன்னுபோட்டானுவ!"

 இத்தனை வருஷப் பொய்... "மாமி, அது வந்து..."

"டப்பிங்காரனுவ கதைய மாத்திப்போட்டானுவ. அவன் சவுதிக்கில்லியா போனான்?"

மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. எம்பஸிக்கு எழுதியாயிற்று, தெரிந்த மலையாளிகளிடமெல்லாம் கேட்டாயிற்று. மாமி போன் மாற்றினாள், நம்பரை மட்டும் மாற்றவில்லை.

"ஆமா மாமி" என்றேன். "மாத்திட்டானுவ."

 

"ஓணத்துக்கு வருவியா?"

"வாறேன் மாமி."

"வா மக்கா. அந்தக் கடைசி பாகத்த மட்டும் சவுண்ட் இல்லாம வச்சுப் பாப்போம்... நீ சொல்லு."