குளிர்ந்த சக்கரம்

நான் பாடம் நடத்தும் பள்ளியில் இடைவேளை முடிந்து மணி அடித்து, பிள்ளைகள் ஈரக் காலணிகளை வாசலில் தட்டிக்கொண்டு உள்ளே வரும் நேரம் அப்போலினார் வந்தார். என் கணவர் ஃபெர்மின் ஓட்டும் ரயிலில் பிரேக் பார்க்கும் ஆள் அவர். தெருமுனையிலிருந்தே கேலி பேசிக்கொண்டு வருகிறவர், அன்று தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி கதவருகே வந்து நின்றார். மழைக்கோட்டு முழுவதும் சேறு.

“அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க.”

“அவர் எங்க?”

“வண்டி நிக்குது அண்ணி. நின்ன எடத்துலயே நிக்குது. ஓடல.”

நான் வண்டியைக் கேட்கவில்லை. அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலே சுரங்கத்தில் தாது ஏற்றிக்கொண்டு, மலையைச் சுற்றிச் சுற்றி எங்கள் ஊரின் தலைக்குமேல் வந்து, பிறகு துறைமுகத்துக்கு இறங்கும் பாதை அது. ஃபெர்மின் முதலில் கொட்டகையில் எஞ்சின் துடைத்தார். டிரைவராக வெகுகாலம் ஆயிற்று. “ஏத்தத்துல எஞ்சின் ஓட்டும். எறக்கத்துலதான் மனுசன் ஓட்டணும்” என்பார். காற்றழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்கை அடிக்கடி போட்டு எடுத்தால் குழாயில் காற்று தீர்ந்துவிடும், அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. அவர் ஒரே தடவை, அளவாகப் போட்டு, அதைக் கலைக்காமல் பாதி மலை இறங்குவார். வீட்டில் நான் கோபத்தில் பேசிக்கொண்டே போனால், “காத்தைச் செலவு பண்ணாத ரொசால்வா, இன்னும் எறக்கம் இருக்கு” என்று சிரிப்பார். எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஊருக்கு மேலே வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. மற்றவர்கள் சூடான சக்கரத்துக்குப் பயந்தார்கள். அவர் பயந்தது குளிர்ந்த சக்கரத்துக்கு. சுடுகிற சக்கரத்தில் பிரேக் வேலை செய்கிறது. குளிர்ந்தது சும்மா உருண்டு வருகிறது, அதன் பாரத்தையும் மற்றவை தாங்குகின்றன.

“மாமியார் வர்றாங்கடோய், அடுப்படியத் தொடச்சு வைங்க!” என்று கொட்டகையில் அவரைக் கண்டதும் கூவுவார்கள்.

“மருமகளுங்க ஒழுங்கா இருந்தா நான் ஏன்டா வர்றேன்?” என்பார்.

எங்கள் வீட்டு வாசலில், அந்தச் செங்குத்துத் தெருவில், எர்மெலிந்தாக்கா தள்ளுவண்டியில் சூப் விற்கிறார். சக்கரங்களுக்கு அடியில் ஆற்றுக்கல் வைப்பார். கடைசி ஞாயிறு ஃபெர்மின் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“கல்லு உருண்டையா இருக்குக்கா. ஒரு நாள் சூப்போட நீயும் ஆத்துல போய் நிப்ப.”

“ஆமா, பெரிய ரயிலு! வாய்தான் இருக்கு தம்பி ஒனக்கு. ஒரு கட்டை செஞ்சு குடேன் பாப்போம்.”

“தரேன். ரெண்டு சக்கரத்துக்கும் தரேன்.”

அன்று சாயங்காலமே முற்றத்தில் ரம்பச் சத்தம் கேட்டது.

அப்போலினார் வந்த அன்று விடியலிலிருந்து மழை. வளைவில் நிறுத்தி நடந்து பார்த்துவிட்டு வந்த ஃபெர்மின், “பின்னாடி நாலு பெட்டி சில்லுனு இருக்கு” என்றாராம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ்ஸில், மெதுவாக இறங்கி வர முடியுமா என்று கேட்டார்கள்.

“மெதுவா வர்றதா வேகமா வர்றதானு நான் மட்டுமா முடிவு பண்றேன்? பெட்டியும்தான் பண்ணும். கீழ பள்ளிக்கூடம் இருக்கு, புள்ளைங்க வர்ற நேரம். வர மாட்டேன்.”

பிறகு இருவரும் பெட்டி பெட்டியாகக் கை பிரேக்கை இறுக்கத் தொடங்கினார்கள். பாறைச்சரிவின் ஓரம் நின்றது வண்டியின் பின்பாதி.

“பின்னாடி நான் போறேன்னேன் அண்ணி,” என்றார் அப்போலினார். “‘ஒன் முட்டிய வச்சுக்கிட்டு ஏறி எறங்குவியா? முன்னாடி பாருடா’னார். கடைசிப் பெட்டிய முடிச்சுட்டுக் கையக் காட்டினார். நானும் காட்டினேன். அப்பத்தான் மேலருந்து கல்லு வந்துச்சு.”

கல் அவர்மேல் விழுந்தது. காற்றுக் குழாயையும் அறுத்தது. குழாய் அறுந்ததும் தானாகப் பிடித்துக்கொண்ட காற்று பிரேக், மாலைக்குள் மெல்ல மெல்ல இளகிவிட்டதாம். வண்டியைப் பிடித்து நிறுத்தியவை கையால் இறுக்கியவைதான். கல் விழுந்த நேரம், கீழே என் வகுப்பில் பிள்ளைகள் வருகைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவரை ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தில் காயம் இல்லை. நான் புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு எர்மெலிந்தாக்காதான் சூப் ஊற்றினார். யாரிடமும் காசு வாங்கவில்லை. என்னிடம் மட்டும், “வாய்தான் இருக்குனு சொல்லிட்டேனே ரொசால்வா” என்றார்.

ஃபெர்மின் செய்து முடித்திருந்த ஒரு கட்டையை நானே எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். இப்போது தள்ளுவண்டியின் ஒரு சக்கரத்துக்கு அது, மற்றதற்குப் பழைய கல். இரண்டாவது கட்டை முற்றத்தில் கிடக்கிறது, பாதிவரை அறுபட்டு, ரம்பம் அதிலேயே நிற்கிறது.