இரண்டு பச்சையும் ஒரு குப்பி மணலும்

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி என்று திங்கள்சந்தையில் பேச்சு. இருக்கட்டும். அங்கே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற கடை என்னுடையது. கணினியில் தெரிகிற நிறம், போனில் தெரிகிற நிறம், தாளில் விழுகிற நிறம், மூன்றும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காகவே கடைச் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்திருக்கிறேன். வேலை நாளில் சாம்பல் நிறச் சுடிதார்தான். சிவப்பு உடுத்திக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தால் அதன் சாயல் திரையில் அடிக்கும், கண் ஏமாந்துபோகும். பக்கத்துத் தையல் கடைக்காரிக்கு இது பொறுக்காது. "ஏட்டி, உனக்கு வேற துணியே கிடையாதா?" என்று கேட்காத நாளில்லை. மாதம் ஒருமுறை ஒரு சின்னக் கருவியைத் திரையின்மேல் தொங்கவிட்டு நிறத்தை அளப்பேன். அதையும் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மாமா வந்தார். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், வள்ளம் வைத்து மீன்பிடித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேமராவோடு அந்தக் கரைக்குப் போயிருந்தபோது, புதிதாகப் பெயிண்ட் அடித்த வள்ளத்துப் பக்கத்தில் அவரும் மனைவியும் நின்றார்கள். "எங்கள ஒண்ணு எடு மக்கா" என்று அந்த அம்மாதான் கூப்பிட்டாள்.

"அந்தப் போட்டோ இருக்கா மக்கா?"

"இருக்கு மாமா."

"பெருசா அடிச்சுத் தா. சொவருல மாட்டணும். கலரு மட்டும் மாறப்பிடாது, கேட்டியா?"

கலர் மாறக் கூடாது என்று சொல்லாத ஆள் யார்? எல்லோரிடமும் தலையாட்டுவதுபோல இவரிடமும் ஆட்டினேன். அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வள்ளத்தின் முன்பாதி அவர் கலக்கி அடித்த பச்சை. பாதியில் பெயிண்ட் தீர்ந்துபோயிற்று, அவரும் வேறொருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அவர் மனைவி கடையில் போய்ப் பெயிண்ட் வாங்கி, தானே கலக்கி, பின்பாதியை அடித்து முடித்திருந்தாள். பெண்கள் வள்ளத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்கிற ஆட்கள் இன்னும் உண்டு. போதாக்குறைக்கு நிறமும் ஒத்துப்போகவில்லை. ஒரு வள்ளத்துக்கு இரண்டு கலரா என்று கரையே சிரித்தது.

"நானும் சேந்து சிரிச்சேன் மக்கா. அவ ரெண்டு நாள் எனக்ககூட மிண்டல்ல, ஒரு பேச்சும் கெடையாது."

போன மழைக்காலத்தில் அந்த அம்மா நெஞ்சுவலியில் போய்விட்டாள். இவருக்கும் முட்டு தேய்ந்து கடலுக்குப் போக முடியவில்லை. வள்ளத்தை விற்றுவிட்டார். வாங்கியவன் மறுநாளே மொத்தமும் நீலம் அடித்துவிட்டான்.

"படத்துல ரெண்டு பச்சை தெரியணும். ஒண்ணு எனக்கது, ஒண்ணு அவளுக்கது. ரெண்டும் ஒண்ணாப் போச்சுன்னா அந்தப் படமே எனக்கு வேண்டாம்."

சரி மாமா என்று சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே கோப்பைத் தேடினேன்.

கோப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தப் பச்சைகள் நிஜத்தில் எப்படி இருந்தன? வெயிலுக்கு ஏற்பக் கேமரா ஒவ்வொரு நிறம் சொல்லும். இரண்டு வருஷ ஞாபகத்தை நம்பி நிறம் திருத்துகிறவள் நானல்ல. ஒப்பிட வள்ளமும் இல்லை. படத்தையே உற்றுப் பார்த்தபோதுதான் சட்டென்று பட்டது. படத்தின் கீழ்ப்பாதி முழுக்க மணல். எங்கள் கரை மணல் மஞ்சளாக இருக்காது, கருஞ்சிவப்பாக, நடுநடுவே கறுப்பு வரி ஓடிக் கிடக்கும். வள்ளத்துக்கு நீலம் அடிக்கலாம், மணலுக்கு யார் பெயிண்ட் அடிக்க முடியும்?

மறுநாள் ஸ்கூட்டரில் போய், வள்ளம் நின்ற இடத்திலிருந்தே ஒரு ஊறுகாய்க் குப்பி நிறைய மணல் அள்ளிவந்தேன். ஈரம் போகக் காயவைத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, கடையின் வெள்ளை விளக்குக்கு அடியில், திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ந்து கிடந்த மணல் படத்தில் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து, இதுவும் அதுவும் ஒன்றாகும்வரை படத்தின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். மணல் சரியானதும் பச்சைகள் தாமாகவே பிரிந்தன. முன்பாதி நீலம் ஓடிய பச்சை, பின்பாதி வாழைக்குருத்துப் பச்சை. அடி சக்கை என்று எனக்கு நானே கையைத் தட்டிக்கொண்டேன்.

மாமாவின் மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுக்கும் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அக்கா, அப்பா ரெண்டு பச்சைன்னு சொன்னாவ. எனக்கு ஒண்ணுதான் தெரியுது."

தட்டிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டேன். அச்சுக்காக வைத்திருந்த அகன்ற நிற வரம்பிலேயே அனுப்பித் தொலைத்திருக்கிறேன். அதைச் சரியாகப் படிக்கத் தெரியாத போனில் நிறமெல்லாம் சோர்ந்துபோகும். போனும் வலைத்தளமும் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி என்கிற குறுகின நிற வரம்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுப்பேன், அன்றைக்கு எனக்கே மறந்தது. மாற்றி அனுப்பினேன். அவள் குரல்பதிவு அனுப்பினாள். "இப்பம் தெரியுது அக்கா. பின்னால உள்ளது அம்மாக்க பச்சை."

பெரிய படங்களைக் கோயம்புத்தூரில் ஒரு லேபில்தான் அச்சடிப்பேன். பார்சல் வந்தது. பிரித்த உடனே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணல் சந்தனம்போல மஞ்சள். அந்த அம்மாவின் முகத்தில் காமாலைக் களை. வள்ளம் முழுக்க ஒரே பச்சை. போனை எடுத்தேன்.

"மணல் செவப்பா இருந்துச்சுங்க. கேமராக் கோளாறுன்னு நெனச்சு நாந்தானுங்க சரிபண்ணி உட்டேன்" என்றார் லேபில் நிறம் பார்க்கிறவர்.

"உங்களை யாருங்க சரிபண்ணச் சொன்னது? கலரைத் தொடக் கூடாதுன்னு எழுதி அனுப்பினேனா இல்லையா?"

"எங்கயாச்சும் மணல் அந்தச் செவப்புல இருக்குமுங்களா? வேணும்னா கொஞ்சமா செவப்பு சேத்தித் தரட்டுங்களா?"

கொஞ்சமாவா! போனை வைத்துவிட்டேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லைதான், ஆனால் காணாத மணலைப் போனில் எப்படிக் காட்டுவது? குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்கு ரயிலேறினேன்.

லேபில் அச்சைச் சோதிக்கிற விளக்குக்கு அடியில் ஒரு தாளை விரித்து மணலைக் கொட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் ஏதும் போடலீங்களே?"

"எங்க ஊர் மண்ணுங்க. அப்படித்தான் இருக்கும்."

அதைச் சொன்னபோது நான் நிமிர்ந்து நின்ற நிற்பை என் அம்மா பார்த்திருக்க வேண்டும். மனுஷன் உடனே இயந்திரம் தானாகச் செய்கிற திருத்தத்தை நிறுத்தினார், அந்தத் தாளுக்கென்று உள்ள நிறக் கணக்கை ஏற்றினார், கையகலத் துண்டாக அச்சடித்து மணலுக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் துண்டு இருண்டது. இரண்டாவதில் முகம் சிவந்துபோயிற்று. மூன்றாவது துண்டை வைத்தபோது மணல் எங்கே முடிகிறது, அச்சு எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பேருமே கொஞ்ச நேரம் தேடினோம். கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒரு பிடி மணல் கேட்டார். அள்ளிக் கொடுத்தேன்.

சட்டம் போட்டு வைத்துவிட்டு மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து நின்றார். படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பச்சையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவரே காண வேண்டும். வள்ளத்தின் முன்பக்கத்திலிருந்து கண்ணாடிமேல் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தா. இங்கேருந்து அவ."

சரியாக அதே இடம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு மார்க் எனக்கு யாரும் போட்டதில்லை.

அவர் விரலை எடுக்காமல் பின்பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ அடிச்சதுதான் மக்கா கொள்ளாம், அதுதான் அழகு. எனக்கது செத்த பச்சை. ஒருநாளும் நான் அவகிட்ட அதச் சொல்லல்ல."

படத்தைச் சுற்றிக் கட்டப் பெட்ஷீட்டை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மூடாத."

"வெயில் படும் மாமா. கலர் போயிரும்."

"ஒரு நாளு வெயில்ல போயிராது. கரை வழியாக் கொண்டு போறேன். அண்ணைக்குச் சிரிச்சவன் எல்லாரும் பாக்கட்டும்."