பள்ளத்தாக்குக்கு ஆறாவது ஆள்

சப்பாத்து விற்கிறவன் வாடிக்கையாளரின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பான். முதலில் அவன் கண்ணில் படுவது சொக்ஸில் இருக்கும் ஓட்டை.

ஒஸ்லோ நகர நடுவில், மலையேறுகிறவர்களுக்கும் காட்டில் நடக்கிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை ஒன்றில் எனக்கு ஒன்பது வருட வேலை. முதல் மூன்று வருடம் கீழ்த்தளத்தில் பெட்டி அடுக்கினேன். பிறகு சப்பாத்துப் பகுதிக்கு ஏற்றினார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஒரு காலைக் கையில் பிடித்தால் அது எங்கே நோகும் என்று சொல்லிவிடுவேன். பகல் முழுக்க மற்றவன் காலடியில் முழங்காலில் நின்றுவிட்டு, பின்னேரம் ரயிலில் இருக்க இடம் கிடைக்காமல் தொங்கிக்கொண்டு வீடு போகிற உங்களுக்கு, மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நீ நடந்திருக்கிறாயா?

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கேள்வி கேட்பார்கள்: “இதைப் போட்டு நீ நடந்திருக்கிறாயா?” நோர்வேயில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ‘நீ’தான். அதற்குக் கோபிப்பதை நான் நிறுத்திக் கனகாலம். அந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. வீட்டிலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து கடைக்கும் நடந்ததைத் தவிர நான் எங்கேயும் நடந்தவனில்லை. ஆனாலும் ஆறு வருடமாக “ஓம், நல்ல சுகமான சப்பாத்து” என்றுதான் சொல்லி வந்தேன்.

ஒருநாள் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் விடவில்லை. எங்கே நடந்தாய் என்று கேட்டார். நான் குடியிருக்கிற அம்மருட்தான் வாயில் வந்தது. அம்மருட்டில் எங்கேயிருந்து எங்கே என்றார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுச் சொன்னார்: “அப்படியென்றால் உன்னுடைய சோடி இன்னும் புதுசாகத்தான் இருக்கும். அதை எனக்குக் கழிவு விலையில் தா.”

சுவரில் ஐந்து பெயர்

அன்றைக்கே தீர்மானித்தேன், வேலையை விட முன்னம் ஒருதரமாவது அந்தக் கேள்விக்குப் பொய்யில்லாமல் ஓம் சொல்ல வேண்டும் என்று. அந்த மாசிப் பனி விட முன்னமே எங்கள் முதலாளி ரூனே சாப்பாட்டறைச் சுவரில் ஒரு படம் ஒட்டினார். அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தில் இருக்கும் பெரிய பள்ளத்தாக்கு. அது ஒரு தேசியப் பூங்கா. விளிம்பிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழம், அடியில் ஓர் ஆறு. எங்கள் கடையில் வேலை செய்கிறவர்கள் ஒக்டோபரில் அதற்குள் நடந்து இறங்கி, கூடாரத்தில் தங்கி, ஏறி வரப்போகிறார்கள். படத்துக்குக் கீழே ஆறு பெயர். என்னுடையது இல்லை. ஒன்பது வருடத்தில் எத்தனையோ பயணம், ஒருதரமும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அது வேறு கதை. கேட்டிருக்க வேண்டும்.

ஈஸ்டர் லீவில் எஸ்பன் என்கிற பெடியன் பனிச்சறுக்கப் போய் முழங்காலைத் திருகிக்கொண்டான். பட்டியலில் அவன் பெயரை வெட்டினார்கள். ஐந்து பேர். இரண்டு கிழமை அந்த வெட்டுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாம் கிழமை ரூனேயின் கந்தோர் அறைக்குப் போய், அந்த இடத்துக்கு நான் வரட்டோ என்று கேட்டேன். ஜூன் முதலாம் திகதி பூங்காவுக்கு எழுதுகிறபோது ஐந்து பேரா ஆறு பேரா என்று போடவேண்டும், அதற்குமுன் உன்னால் நடக்க முடியும் என்று காட்டு என்றார். காசை நீயே கட்டு என்று சொல்லியிருந்தாலும் எனக்கு நொந்திருக்காது. அவர் கடைசியாகச் சொன்னதுதான் நொந்தது: “நீ நடக்கிற ஆள் என்று எனக்குத் தெரியாதே. ஒன்பது வருடமாக நீ சாமான் லிஃப்டில்தானே ஏறி இறங்குகிறாய்?”

பதினோராம் மாடியிலிருந்து

எங்கள் வீடு பதினோராம் மாடியில். வேலை முடிந்து வந்ததும் முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ அரிசிச் சாக்கை இறக்கி, படியால் நடக்கத் தொடங்கினேன். முதல்நாள் இறங்கினது சுகம். ஏறினது ஆறாம் மாடி வரைக்கும்தான், மிச்சத்துக்கு லிஃப்ட். அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. நோர்வேக்காரன் மலைக்குப் போனால் முதலில் ஏறுவான்; களைத்தால் திரும்புவான்; வீட்டுக்கு வருகிற வழி இறக்கம். பள்ளத்தாக்கு தலைகீழ். உடம்பில் பெலன் இருக்கும்போது இறக்கிவிட்டு, பெலன் போனபிறகு ஏறச் சொல்லும். அப்படிப் பார்த்தால் மலையடிவாரத்தில் வீடு வைத்திருக்கிறவனை விட மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற எனக்குத்தான் பழக்கம் சரி.

இரண்டாம் கிழமை, ஒரே மூச்சில் நாலுதரம் ஏறி இறங்குகிற அளவுக்கு வந்தேன். மூன்றாம் மாடியில் இருக்கிற நோர்வேக்காரி, அந்த நேரம் பார்த்துக் குப்பைப் பையோடு கதவைத் திறப்பவர், நான் தாண்டுவதை ஒவ்வொருதரமும் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாந்தரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “கடையில் என்னதான் வாங்க மறக்கிறாய்? ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகலாமே.”

மச்சானின் ஆலோசனை

என் மனிசியின் தம்பி தவம் பக்கத்திலுள்ள குரோருட்டில் இருக்கிறான். நாலு வருடமாக நான் அவனோடு கதைப்பதில்லை. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை, “இவர் எங்கடை அத்தான், வெள்ளைக்காரற்றை காலுக்கு அளவெடுக்கிறவர்” என்று அறிமுகம் செய்தவன். செய்தி கேள்விப்பட்டு, மனிசி அழைத்தாளோ தானாக வந்தானோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்பத்தோடு வந்து இருந்தான். அவன் அமெரிக்காவுக்குச் சுற்றுலாப் போனபோது அதே பள்ளத்தாக்குக்கு பஸ்ஸில் போனவனாம். விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் ஏழு.

“மேலை ஜக்கெற் போட்டு நிண்டனாங்கள். கீழை போய் வந்த சனம் அவிச்ச றால் மாதிரி வந்துது,” என்றான். நான் அவனைப் பார்க்காமல், “மேலைக்கும் கீழைக்கும் சூடு எவ்வளவு வித்தியாசமாம் எண்டு கேள்,” என்று மனிசியிடம் சொன்னேன். மனிசி கேட்க, அவன் அவளுக்குச் சொல்ல, அவள் எனக்குச் சொன்னாள். உதவியான தகவல்தான், அதை நான் மறுக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புகிறபோது அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை: “அக்கா, அத்தானுக்குச் சொல்லு, ஒண்டரைக் கிலோமீற்றர் இறங்கிறது லேசு. என்னோடை கதைக்கிற அளவுக்கு இறங்கிறதுதான் கஷ்டம்.”

இடுப்பில் ஒரு கப்

மே மாத நாலாம் கிழமை, கொண்டுபோகிற சாமான்களின் பட்டியல் சுவருக்கு வந்தது. எழுதியவள் மாரித். சப்பாத்துப் பகுதியில் என்னோடு நிற்கிறவள், என் பெட்டி அடுக்கைத் திரும்ப அடுக்குகிறவள். கம்பளி உள்ளுடுப்பு, மழைச் சட்டை, நனையாத தீப்பெட்டி, இடுப்பில் கொழுவுகிற கப் ஆளுக்கு ஒன்று. தண்ணீர் இல்லை. நோர்வே மலையில் தண்ணீர் சுமக்கிறவன் விசரன். பத்து நிமிடத்துக்கு ஓர் ஓடை வரும், கப்பால் அள்ளிக் குடித்துவிட்டு நடப்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே பாலைவனத்துக்கும் எழுதியிருந்தாள்.

நான் நோர்வேக்கு வர முன் இரண்டு வருடம் சவூதிப் பாலைவனத்தில் ரோட்டுப் போட்டவன். தண்ணீர் குறைந்தால் மனிதன் என்னமாதிரிக் கதைப்பான் என்று பார்த்தவன். அந்தப் பட்டியலில் என்ன பிழை என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னையும் சேர்ப்பார்களோ தெரியாது, என்னிடம் கேட்கவுமில்லை. பட்டு அறியட்டும் என்று விட்டேன். இதை எழுத எனக்குப் பெருமை இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மாரித் என்னைப் பார்த்து, “ஏதாவது விடுபட்டிருக்கிறதா?” என்று கேட்கக்கூடச் செய்தாள். நான் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். அவள் சொன்னாள்: “நல்லது. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம்.”

கறுத்த நகங்கள்

அதே கிழமை ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும், பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலையாக வந்தவர். சொக்ஸைக் கழற்ற, இரண்டு பெருவிரல் நகமும் கறுப்பு. இறக்கத்தில் விரல் முன்னுக்கு இடித்திருக்கிறது, அரை நம்பர் பெரிசு போட்டிருக்க வேண்டும் என்றேன். போன இலையுதிர் காலத்தில் நடந்தது, நகம் இன்னும் வளரவில்லை என்றார். எங்கே நடந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன இடம் எங்கள் சாப்பாட்டறைச் சுவரில் இருந்தது.

தன் தம்பியோடு போனாராம். தம்பி நோர்வே மலையெல்லாம் ஏறினவராம். ஒரு போத்தல் தண்ணீரும் இடுப்பில் கப்பும். திரும்பி ஏறுகிறபோது மத்தியானம் தம்பி ஒரு பாறை நிழலில் இருந்துவிட்டார். பிறகு பூங்காக் காவலர்கள் வந்து தண்ணீரும் உப்பு பிஸ்கற்றும் கொடுத்து, பொழுதுபட்ட பிறகு ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். ஆள் இப்போது சுகம். நான் லேஸைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு நேரமும் தம்பி என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டார். “நாற்பத்தாறு வருடமாக அவன் என் தம்பி. என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்டான்.”

ஓடையைத் தாண்டி

கோபம் வேறு, கொலை வேறு. அந்தப் பெண் காசு கட்டிப் போனதும் சாப்பாட்டறைக்குப் போய், பட்டியலின் தலையில் எழுதினேன்: தண்ணீர், ஆளுக்கு ஐந்து லீற்றர். உப்பு. மத்தியானம் நடை இல்லை, நிழலில் படுக்கை. இது யார் எழுதியது என்று ரூனே கேட்டார். நான்தான் என்றேன். சவூதிக் கதையையும் அந்தப் பெண்ணின் கதையையும் சொன்னேன். இருபது வருடம் மலையில் நடக்கிறேன், ஒரு சொட்டுச் சுமந்ததில்லை என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, வருகிற சனிக்கிழமை நடந்து பார்ப்போம் என்றார். எனக்கும் அன்றைக்குத்தான் சோதனை என்று விளங்கியது.

அம்மருட்டுக்கு மேலே உள்ள காட்டில், குன்றின் உச்சியில் தொடங்கி ஏரிக்கு இறங்கித் திரும்ப ஏறுவது. அப்படி மூன்றுதரம். ஓடையைத் தொடக்கூடாது என்பது நான் வைத்த சட்டம். நல்ல வெயில். மற்ற ஐந்து பேரும் இறக்கத்தில் பறந்தார்கள். நான் ஒவ்வொரு அடியாக வைத்தேன். மூன்றாம் ஏற்றத்தில் என்னைத் தவிர எல்லாரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். இடம் போய்விட்டது, தவம் சிரிக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பாதி வழியில் மாரித் ஓர் ஓடைக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தண்ணீர் முடிந்து ஒரு மணித்தியாலமாம். கப் கையில், ஆனால் சட்டத்தை மீறவில்லை. அதற்காகவே அவளுடைய பழைய பிழைகளில் இரண்டை மன்னித்தேன். என் பையில் உப்பும் சீனியும் தேசிக்காய்ப் புளியும் கலந்த போத்தல் ஒன்று மிச்சம் இருந்தது. கொடுத்தேன். குடித்து முகத்தைச் சுளித்தாள்: “சீ, என்ன கேவலமான ருசி. மூடாதே, இன்னும் தா.”

ஜூன் முதலாம் திகதி

நாங்கள் இருவரும் உச்சிக்கு வந்தபோது மற்றவர்கள் வந்து இருபத்தைந்து நிமிடம். எங்களைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். திங்கள், செவ்வாய், புதன், ரூனே சப்பாத்துப் பகுதிப் பக்கமே வரவில்லை. அப்படித்தான் சொல்லாமல் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். முதலாம் திகதி காலை ஒன்பது மணிக்குக் கந்தோருக்குக் கூப்பிட்டார். அங்கே அமெரிக்காவில் அப்போது நடுச்சாமம், திகதி மாறியதும் ஃபக்ஸ் போனால்தான் இடம் கிடைக்குமாம். படிவத்தை மெஷினில் வைத்திருந்தார். ஆட்கள் எத்தனை என்ற பெட்டி மட்டும் காலி.

நான் கடைசியாகத்தான் வந்தேன், தெரியும் என்று நானே தொடங்கினேன். பிறத்தியான் வாயால் கேட்பதிலும் அது மேல். ரூனே பேனையை எடுத்து அந்தப் பெட்டிக்குள் ஆறு என்று எழுதினார். மெஷினுக்கு லைன் கிடைக்கவில்லை. பன்னிரண்டுதரம் அமத்தினார், பன்னிரண்டுதரமும் நான் பக்கத்தில் நின்றேன். பதின்மூன்றாந்தரம் தாள் உள்ளே போகத் தொடங்கியபோது, என்னைப் பார்க்காமல், அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாங்கள் நாலு பேரும் வேகமாக வந்தோம், மாரித்தை வழியில் விட்டுவிட்டு. அங்கே நீ முன்னால் நட. உன்னை ஒருவரும் முந்தக்கூடாது.”

அனுமதி வந்துவிட்டது, அரை நம்பர் பெரிய சோடியும் வாங்கியாயிற்று, ஆனால் முதுகுப்பையில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் அதில் ஐந்து கிலோ தண்ணீர் என்றும் நானே சட்டம் போட்டுவிட்டதால், இந்தக் கடையில் சேர்த்துவைத்த கோபங்களில் பாரமான நாலைந்தை அம்மருட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டியிருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.